இரண்டாவது வரியிலிருந்து

அந்த ரத்த வங்கியில் அவளுக்கு 'நேர்வழி அக்கா' என்று பெயர். யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால், கையில் இருக்கும் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "நேரா சொல்லுங்க" என்பாள். சொன்னவர் அதற்குமேல் வளைக்க முடியாது. பெரிய டாக்டரே ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, லீவு கேட்கத்தான் வந்தேன் என்பதுபோல் விழித்துவிட்டுப் போனார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் அட்டைகளை டைப் அடிக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். மத்தியான சாப்பாட்டு வேளையில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எஸ்.க்யூ.எல். படித்தாள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி அது. கேள்வி சரியாக இருந்தால் பதில் சரியாக வரும், தப்பாக இருந்தால் தப்பு என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அவள் குணத்துக்கு அது ஒட்டிப்போனதில் ஆச்சரியம் இல்லை. வருஷங்கள் போக, டைப்பிஸ்ட் புரோகிராமர் ஆனாள். ரத்தப் பைகள் அடுக்கிய குளிர்பெட்டி அறைக்குப் பின்னால், எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குப் பக்கத்து அறையில், இரண்டு மேசை. ஒன்று அவளுடையது. இன்னொன்று 'சார்' உடையது.

சார் என்றால் பெரிய மனிதர் என்று நினைக்க வேண்டாம். முப்பது வயது, தடித்த கண்ணாடி, எறும்புக்கும் கேட்காத குரல். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு, வெப் ஃப்ரேம்வொர்க் என்கிற ஆயத்தக் கட்டமைப்பு ஒன்றில் புதிதாக எழுதக் கூட்டி வந்தவர்கள் அவர்தான் தலைவர் என்றார்கள். அவளும் இப்போது அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் வயதில் சின்ன ஆண்கள் எல்லோருமே அவளுக்குத் தம்பிதான். டீ கொண்டு வருகிறவர், டாக்டர், வாசலில் வண்டி நிறுத்துகிறவர், யாரையும் விட்டதில்லை. இரண்டு வருஷமாக அந்த வார்த்தை அவள் வாயில் வருவதில்லை.

சொந்தத் தம்பி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். நாற்பத்தோரு வயது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ரத்த வங்கிக்கு நேர் எதிர்க் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தான். அவனுக்கு ஓ நெகட்டிவ். அந்த குரூப் கிடைப்பது குதிரைக் கொம்பு. தேவைப்பட்டால் தலைமை நர்ஸ் ஜன்னலைத் திறந்து கையாட்டுவார், ஐந்து நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். "என்ன சிஸ்டர், குழாயத் திறக்கலாமா?" என்பான். அப்படிப்பட்டவன் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனுடைய போன் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அதைச் சார்ஜில் போட்டு வைப்பாள். நம்பர் போய்விடக்கூடாதே என்று வீட்டுக்காரர் மாசாமாசம் ரீசார்ஜ் செய்து வைப்பார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வேலை விஷயத்துக்கு வருவோம். புதிய ஃப்ரேம்வொர்க்கில் ஓ.ஆர்.எம். என்று ஒரு நடு ஆள் உண்டு. டேட்டாபேஸிடம் நாம் நேராகப் பேச வேண்டியதில்லை. 'இந்த குரூப் கொடையாளர்களைக் கொடு' என்று நடு ஆளிடம் சொன்னால் போதும், அவரே எஸ்.க்யூ.எல். எழுதிக் கேட்டு, டேபிளில், அதாவது கொடையாளர் அட்டவணையில், உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு ஆளாக நம் கையில் கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான். அவளுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"எனக்கும் டேட்டாபேஸுக்கும் இருபது வருஷப் பழக்கம் சார். புருஷன் பொண்டாட்டி பேசிக்க நடுவுல எதுக்கு ஒரு ஆளு?"

"எல்லாப் புருஷன் பொண்டாட்டிக்கும் நடுவுல ஒரு ஆள் இருந்தா நல்லதுதான்க்கா" என்பார் சார், தனக்குத்தானே பேசுவதுபோல.

அப்படி மூன்று வருஷம் போனது. கொடையாளர் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியதும் நடு ஆள் திணற ஆரம்பித்தார். அவசரமாக ரத்தம் தேடும் பக்கத்தில் குரூப்பைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாற்பது விநாடி. பக்கத்தில் யாரோ உயிருக்குப் போராடும்போது நாற்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தலைமை நர்ஸ், எல்லோருக்கும் அவர் சிஸ்டர், மேசையை விரலால் தட்டிக்கொண்டே நிற்பார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் இந்த வட்டம் நிற்குமா என்பது அவருடைய கேள்வி.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். நடு ஆள் முதலில் கொடையாளர் பட்டியலை வாங்குகிறார். பிறகு ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாகப் போய், கடைசியாக எப்போது கொடுத்தார், வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார். ஒரு கிலோ தக்காளி வாங்க, தக்காளிக்கு ஒருமுறை கடைக்குப் போய்விட்டு வருகிற கதை. சார் இரண்டு நாள் மல்லுக்கட்டி நாற்பதை இருபத்தைந்து ஆக்கினார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நடு ஆளை ஓரமா உட்காரச் சொல்லுங்க. நான் நேரா கேக்கிறேன்" என்றாள்.

ஃப்ரேம்வொர்க்கிலேயே அதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ரா க்வெரி. நாமே எழுதிய எஸ்.க்யூ.எல்.லை அப்படியே கொடுக்கலாம், பதிலை மட்டும் வழக்கம்போல ஆளாக மாற்றித் தந்துவிடும். ஒரு மத்தியானத்தில் முப்பத்தோரு வரி எழுதினாள். குரூப், தூரம், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முதலில். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

சார் ஒரு மணி நேரம் அதை உற்றுப் பார்த்தார். ரா க்வெரி என்றால் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. திரையில் எவனோ தட்டுகிற எழுத்து அப்படியே கேள்விக்குள் கலந்துவிட்டால், விஷமக்காரன் ஒருவன் டேபிளையே அழித்துவிடலாம். அவள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் தனியே, பத்திரமாகத்தான் கொடுத்திருந்தாள். சோதனைக்கு வைத்திருந்த நாற்பது கற்பனைக் கொடையாளர்களை வைத்து ஓட்டியும் பார்த்தார்கள். எல்லாம் சரி. கற்பனை மனிதர்களில் ஒருவர்கூட செத்ததில்லை என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை புதிய பக்கம் வந்தது. அரை விநாடிகூட இல்லை. சிஸ்டர் பொத்தானை அமுக்கிவிட்டு வழக்கம்போல விரலால் தட்ட ஆரம்பித்தார், தட்டி முடிப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. "அடியம்மா!" என்றார். கூடவே இன்னொரு வசதி. முன்பு நர்ஸுகள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவார்கள். இனி ஒரே அமுக்கில் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் குறுஞ்செய்தி போய்விடும். பதில் வராவிட்டால் மட்டும் கூப்பிட்டால் போதும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டார்கள். சிஸ்டர் அமுக்கினார். அறுபத்து மூன்று பேருக்குச் செய்தி போனது. முக்கால் மணி நேரத்தில் ஆறு பேர் வந்து படுத்துக் கையை நீட்டினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நேர்வழி அக்காவுக்கு அன்றைக்கு டீயோடு கேக்கும் கிடைத்தது.

கேக்கைக் கடிப்பதற்குள் முதல் போன் வந்தது. சிஸ்டர் எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போனது. போனை வைத்துவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

"ஒரு பொண்ணு பேசுறா. எங்கப்பா போயி எட்டு மாசம் ஆச்சு, உங்களுக்கு எழுதியே கொடுத்தோம், இப்ப வந்து ரத்தம் கொடுன்னு கூப்பிடுறீங்களேன்னு அழுகுறா."

அதற்குள் இரண்டாவது போன் அடித்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கொடையாளர் இறந்துவிட்டாலோ, இனி கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாலோ அவருடைய வரியை அழிக்க மாட்டார்கள். கொடுத்த ரத்தம் யார் யாருக்குப் போனது என்ற கணக்கு வருஷக்கணக்கில் இருந்தாக வேண்டும். அதனால் 'விலகியவர்' என்று ஒரு டிக் மட்டும் போடுவார்கள். டிக் போட்டவர்களை ஒதுக்கிவைக்கிற வேலையை மூன்று வருஷத்துக்கு முன்னால் சார் நடு ஆளிடம் கொடுத்திருந்தார். நீங்கள் எதைக் கேட்டாலும், கேட்காமலேயே அவர்களை நீக்கிவிட்டுத்தான் அவர் கொடுப்பார். நேராகக் கேட்டால் அந்த மரியாதை கிடையாது. டேட்டாபேஸ் உள்ளது உள்ளபடி கொட்டிவிடும்.

அதிலும் செத்தவர்கள் அவளுடைய எல்லா நிபந்தனையிலும் தேறிவிட்டார்கள். கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் கண்டிப்பாக ஆகியிருக்கும். வீடு மாறியிருக்கவும் மாட்டார்கள்.

"மெசேஜ் கம்பெனி பக்கம் ஏதோ குழப்பம்னு சொல்லிடலாம்க்கா" என்றார் சார். நல்ல மனசோடுதான் சொன்னார். "யாரும் கேக்க மாட்டாங்க."

"என் க்வெரி சார். என் தப்பு. நேராவே சொல்லிக்கிறேன்."

விட்டுப்போன ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு, டிக் இருந்தும் செய்தி போனவர்களின் பட்டியலை எடுத்தாள். பதினொரு பெயர். திரையில் வருவதற்கு முன்னால் கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டாள், தம்பி பெயர் இருக்கும் என்று. இல்லை. ஏன் இல்லை என்று அப்போது யோசிக்கவில்லை. இல்லை என்ற நிம்மதியே போதுமானதாக இருந்தது.

பதினொரு வீட்டுக்கும் அவளே போன் செய்தாள். ஒருவர் வெளுத்து வாங்கினார். இரண்டு பேர், "நாங்க உயிரோடதாம்மா இருக்கோம், உங்க தொல்லை வேண்டாம்னுதான் விலகினோம்" என்றார்கள். அந்தப் பெண்ணிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பாவோட போன் என்கிட்டதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "சத்தம் கேட்டதும் ஒரு நிமிஷம் அப்பாவுக்குத்தான் ஏதோ மெசேஜ்னு, அப்பா மெசேஜ் வந்திருக்கு பாருங்கன்னு கூப்பிட வாயெடுத்துட்டேன். அதான் கோவம் வந்திடுச்சு."

"கோவப்படுங்கம்மா. நியாயந்தான்" என்றாள். போனை வைத்துவிட்டுப் பட்டியலில் அடுத்த எண்ணைப் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் கடிகாரக் கடையை மூடிவிட்டு வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் எதையும் பதறிச் சொல்கிற ஆள் கிடையாது. முப்பது வருஷமாகக் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பவருக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்?

"உன் தம்பி போன் மத்தியானம் சத்தம் போட்டுச்சு. சாப்பிட வந்தப்ப கேட்டேன். நான் தொடல" என்றார்.

அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். 'உங்கள் ரத்தம் ஓர் உயிரைக் காக்கும். அவசரத் தேவை: ஓ நெகட்டிவ். உடனே வரவும்.' ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்கு வந்திருந்தது.

பதினொரு பேரில் அவன் இல்லை. அப்படியென்றால் மீதி ஐம்பத்திரண்டு பேரில் இருக்கிறான். அந்த டேட்டாபேஸைப் பொறுத்தவரை அவன் உயிரோடு இருக்கிறான்.

அவள் போனோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி போன பதினைந்தாம் நாள், சிஸ்டர் அவளிடம் தயங்கித் தயங்கி வந்து, "அவன் பேருக்கு அந்த டிக் போடணும்மா. நான் போடட்டுமா, நீயே போடுறியா?" என்று கேட்டார். "நானே போடுறேன்" என்றாள். இரண்டு முறை அவன் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடினாள். ஒரு வாரம் கழித்து சிஸ்டர் கேட்டபோது, "போட்டுட்டேன்" என்றாள். வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது அதில் ஒரு விரல். பிறகு அதை மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய், மறக்கவில்லை என்று சொன்னாலும் பொய். அந்தப் பக்கம் போகாமலே இரண்டு வருஷம் இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"ஊரையெல்லாம் நேரா சொல்லுன்னு கேட்டேன். நான் சொல்லலைங்க" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெங்காயக் கையோடு உட்கார்ந்ததால் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால்தான் என்று அவர் பிறகு சாதித்தார்.

மறுநாள் காலை சிஸ்டரை டீ போடுகிற இடத்தில் பிடித்தாள். ஒரு சந்தேகம் அவளை ராத்திரி முழுக்கக் குடைந்திருந்தது. டிக் இல்லையென்றால், நடு ஆள் இருந்த காலத்திலும் தம்பி பெயர் பட்டியலில் வந்திருக்கும். அவன் வீடு எதிரிலேயே இருந்ததால் முதல் வரியாகவே வந்திருக்கும். அப்படியென்றால் இரண்டு வருஷத்தில் அந்தப் போன் ஏன் ஒருமுறைகூட அடிக்கவில்லை?

"சிஸ்டர், தம்பி பேருக்கு நான் டிக் போடல. போட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

சிஸ்டர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவ ஓ நெகட்டிவ் தேடுறோம். ஒவ்வொரு தடவையும் முதல் வரியில வந்து நிக்கிறான் உன் தம்பி. தெரியாம எப்படிம்மா இருக்கும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டாவது வரியிலேர்ந்து கூப்பிடுவோம். புதுசா வர்ற பொண்ணுங்ககிட்டயும் முதல் நாளே சொல்லிடுவேன். ஓ நெகட்டிவ்னா ரெண்டாவது வரியிலேர்ந்து ஆரம்பி, ஏன்னு கேக்காதன்னு. அதுங்க மிஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிச்சுங்க."

"நீங்களே டிக் போட்டிருக்கலாமே சிஸ்டர்."

"போட்டிருக்கலாம். நீ போடுறேன்னு சொன்ன. உனக்கு எப்போ முடியுதோ அப்போ போடட்டும்னு விட்டுட்டோம்." கிளாஸை அவள் கையில் கொடுத்தார். "நேத்து பட்டன அமுக்கும்போது எனக்கு ஞாபகம் வரலம்மா. விரல் வச்சு ஒண்ணொண்ணா கூப்பிட்டிருந்தா விரலே தாண்டியிருக்கும். பட்டனுக்கு என்ன தெரியும்?"

கேட்காமலேயே ஒதுக்கிவைக்கிற நடு ஆள் ஃப்ரேம்வொர்க்கில் மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே நாலைந்து பேர் வெள்ளைப் புடவையில் இரண்டு வருஷமாக அந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஒருத்திக்காக, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, நன்றியாக இருந்தது. டீ ஆறும்வரை சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அறைக்குப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லா வழியும் தெரியும். டேட்டாபேஸுக்கு நேராக ஒரு வரி எழுதினால் டிக் விழுந்துவிடும். முகம் பார்க்க வேண்டாம், பெயர்கூடப் படிக்க வேண்டாம், எண் போதும். கை அதற்குத்தான் போனது. போன கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படி, திரையில் அவன் பக்கத்தைத் திறந்தாள். இருபத்தாறு முறை கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். சில தேதிகளில் அவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பிறகு 'விலகியவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் கேட்டது, எழுதினாள். தேதி கேட்டது. அதற்குக் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தெரிவித்தவர் யார், என்ன உறவு என்று கேட்டது.

'அக்கா' என்று எழுதிச் சேமித்தாள்.

எதிர் மேசையில் சார் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் அரை மணி நேரமாக அவர் ஒரு எழுத்தும் தட்டியிருக்கவில்லை.

"சார்," என்றாள். "இனிமே ரா க்வெரி எழுதினா, நடு ஆள் சொல்லாம செய்யிறது என்னென்னன்னு முதல்ல ஒரு லிஸ்ட் போட்டுக்கணும். அதோட அந்தச் சோதனை ஆளுங்கள்ல நாலு பேரைச் சாகடிங்க."

"சரிக்கா" என்றார் சார். அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை, வழக்கம்போலக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. செய்தி போய்ப் பத்து நிமிஷம் ஆகியும் யாரும் பதில் சொல்லவில்லை. சிஸ்டர் பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சிஸ்டரின் விரல் திரையைத் தொட்டது, தன்னால் ஒரு வரி கீழே இறங்கியது, இரண்டாவது வரியில் போய் நின்றது. எண்ணை அமுக்க ஆரம்பித்தார்.

அவள் அந்த விரலைப் பிடித்து ஒரு வரி மேலே வைத்தாள்.

"இங்கேர்ந்து கூப்பிடுங்க சிஸ்டர். இவரு இருக்காரு."

சிஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த எண்ணைப் போட்டார். முதல் மணியிலேயே யாரோ எடுத்தார்கள்.